வெள்ளிக்கிழமை பேரைச் சொல்லுவேன்

என் வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்த படம் அது ஒன்றுதான். பழைய இங்கிலீஷ் படம். எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோதே அதற்கு இருபது வயது ஆகியிருக்கும். ஓடி ஓடித் தேய்ந்த படச்சுருள், திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடுகள். மைசூர் மைன்ஸ் பக்கத்துக் கொட்டகையில் இரவு ஆட்டம் மட்டும் போட்டார்கள். முதல் இரண்டு தடவை அவர் தனியாகப் போனார். மூன்றாவது தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை.

படத்தில் வருகிறவன் போலீஸ்காரன் இல்லை. ரேடியோவில் பேசுகிறவன். தினமும் ஒரு கொலைக் கதையை மைக்கின் முன்னால் உட்கார்ந்து வாசிப்பான். அவன் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு தையல்காரர் செத்துக் கிடக்கிறார். போலீஸ் யாரையோ பிடித்துக்கொண்டு போகிறது. இவனுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, "கொலை செய்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு பாட்டு முடிந்ததும் பெயரைச் சொல்வேன்" என்கிறான். பாட்டு முடிவதற்குள் கொலைகாரன் தானாகவே ரேடியோ நிலையத்தின் பின்வாசலுக்கு வந்து நிற்கிறான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இவர்தான் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டே வந்தார். படம் விட்டு, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டை ஒட்டி நடந்து வரும்போது, "அவனுக்குப் பேரு தெரியவே தெரியாது. அத கவனிச்சியா?" என்றார்.

"தெரியாமயா சொல்லுவேன்னான்?"

"அதான் விசயமே. தைரியமா ஒரு பொய் சொன்னான். மிச்சத்த அந்தக் கொலகாரனோட பயம் பாத்துக்கிச்சு."

இவர் மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், எலெக்ட்ரிக்கல் ஷாப் என்கிற மின்பட்டறையில் வேலை பார்த்தார். அதுபோக, மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லைனுக்கு நடுவே இருந்த மைதானத்து ரேடியோ ரூம் இவர் பொறுப்பு. வெல்ஃபேர் ஆபீசில் கொடுத்த வேலை. ஒரு சின்ன அறை, அதில் பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் பெரிய ரேடியோ, பக்கத்தில் ஒரு மைக். வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து, மாநிலச் செய்தி, பாட்டு எல்லாம் முடிந்து எட்டு மணிக்குப் பூட்டுவார். செய்திக்கு முன்னால் மைக்கில் அறிவிப்பு சொல்லுவார். நாளைக்குத் தண்ணீர் வராது, அம்மை ஊசி போட வருகிறார்கள், காணாமல் போன ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டது, இந்த மாதிரி. நல்ல கனமான குரல். பகல் ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் மைதானத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். பெண்கள் வாசலில் நின்றபடி கேட்போம். ஊரில் அவருக்குப் பேரே ரேடியோக்காரர்தான். அந்தப் பேரில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

படம் பார்த்த அடுத்த வாரமே அந்தத் திருட்டு நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அந்த வீட்டுக்காரர் டிம்பர்மேன், பூமிக்கு அடியில் பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிறவர். மூத்த மகளுக்குப் பங்காருபேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த அட்டிகை, ஜிமிக்கி, ஒரு ஜோடி கொலுசு மூன்றையும் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி எப்போதும் போல சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

போலீசுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தங்கம் என்று ஒரு வார்த்தை போலீஸ் காதில் விழுந்தால் சுரங்கத்திலிருந்து திருடியதோ என்று லைன் முழுக்கச் சோதனை போடுவார்கள், தாலியைக்கூட எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் அது வேறு அவமானம். டிம்பர்மேன் தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, எங்கிட்ட வுடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரிந்தார். குழாயடியில் யார் யார் நின்றார்கள், அந்த வீட்டில் எத்தனை மணிக்கு யாரும் இல்லை, எல்லாம் எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டில் ஒன்றும் தேறவில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செய்திக்கு முன்னால் மைக்கைப் போட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன். "நம்ம லைன்ல நடந்த திருட்டப் பத்தி ஒரு அறிவிப்பு" என்று ஆரம்பித்தார். "எடுத்தவங்க இத கேட்டுக்கினு கீறாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை செய்தி முடியறதுக்குள்ள பொருள் ரேடியோ ரூம் ஜன்னல்ல இருக்கணும். இல்லன்னா பேரச் சொல்லுவேன்."

மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். படத்தில் பார்த்தது எங்கள் மைதானத்தில் நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நெசமாவே தெரியுமா?"

"உனக்குத் தெரியாதா எனக்குத் தெரியாதுன்னு?" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் லைனின் கடைசி வீட்டில் ஒருவர் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும், பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். இருபது வருஷம் அடியில் பாறை குடைந்து நெஞ்சில் தூசி ஏறிவிட்டது. மேலே லேம்ப் ரூமில் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். அடியில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. பெண்சாதி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தினமும் முதல் ஆளாக மைதானத்துக்கு வந்து கம்பத்தடியில் உட்காருவார். அவர் இருமல் கேட்டால் ஆறு மணி ஆகப் போகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

புதன்கிழமை காலையில் நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு துணிப் பையோடு என்னைக் கடந்து போனார்.

"எங்கண்ணா, காலங்காத்தால?"

"குடியாத்தம் பக்கம் தங்கச்சி. என் கூடப் பொறந்தவளுக்கு ஒடம்பு முடியலன்னு கார்டு வந்துச்சு. லீவு சொல்லிட்டேன். ரெண்டு மூணு நாள்ல வந்துடுவேன்" என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்று நிற்காமல் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் கம்பத்தடி காலியாக இருந்தது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமையும் காலியாக இருந்தபோது டிம்பர்மேனின் தம்பி எழுந்து நின்று கேட்டான். "அந்தாளு எங்க? தெனமும் இங்கதான உக்காந்துகினு இருப்பான். அறிவிப்பு சொன்ன மறுநாளே ஆளக் காணோமே?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே முப்பது நாற்பது பேர் கடைசி வீட்டுக்குப் போனார்கள். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "அவரு தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிருக்காரு. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு" என்றேன்.

"திருடினவன் உங்கிட்ட நெசத்தயா சொல்லிட்டுப் போவான்?" என்றான் தம்பி. என் தோளைப் பிடித்து ஒரு ஓரமாக நகர்த்தினான். முரட்டுத்தனமாக இல்லை. ஒரு நாற்காலியை நகர்த்துகிற மாதிரி.

பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாத்திரம். பெட்டியைக் கவிழ்த்தார்கள். பழுப்பு உறையில் ஆஸ்பத்திரியில் எடுத்த அவர் நெஞ்சுப் படம், எக்ஸ்ரே, இருந்தது. ஒருவன் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அதன் மேலேயே நடந்தார்கள். ஒரு தீப்பெட்டிக்குள் துணி சுற்றி இரண்டு வெள்ளி மெட்டி இருந்தது.

"ஒண்டிக்கட்டைக்கு மெட்டி எதுக்கு?" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

டிம்பர்மேன் அதை வாங்கிப் பார்த்தார். "இது எங்களுது இல்ல" என்றார், மெதுவாக.

"அப்போ வேற எவ வூட்டுதோ" என்றான் தம்பி. டிம்பர்மேன் அதற்கு மேல் பேசவில்லை. செத்துப் போன பெண்சாதியின் மெட்டி அது என்று அங்கே வயசான இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்களும் பேசவில்லை.

இவர் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "யோவ், நான் அவரச் சொல்லலய்யா! நான் யாரையுமே சொல்லல!" என்று கத்தினார். கூட்டம் அவரைப் பார்த்துத் தலையாட்டியது. ரேடியோக்காரருக்கு இளகின மனசு, காட்டிக்கொடுக்கச் சங்கடப்படுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் திரும்பி மைதானத்துக்கு ஓடி மைக்கைப் போட்டு, "எனக்கு யார் பேரும் தெரியாது. செவ்வாய்க்கிழம சொன்னது பொய். சும்மா பயமுறுத்தறதுக்குச் சொன்னேன்" என்றார். எத்தனையோ அறிவிப்பை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான் போய் அந்த வீட்டைக் கூட்டினேன். நெஞ்சுப் படத்தைத் துடைத்து உறைக்குள் போட்டேன். மெட்டியில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றைச் சாக்கடை வரைக்கும் தேடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம், இவர் ஷாப்பில் இருந்த நேரம், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் டிம்பர்மேனின் மகள். கல்யாணப் பெண். பத்தொன்பது வயது. கதவைச் சாத்திவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து என் மடியில் போட்டாள். அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அவருகிட்ட பேரச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

"நீயா? இன்னாத்துக்குடி?"

நர்ஸ் வேலைக்குப் படிக்க மனுப் போட்டிருந்தாளாம். பதில் வருவதற்குள் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள். "நகை இல்லன்னா கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்கன்னு நெனச்சேன். அரிசிப் பானைக்குள்ளதான் வச்சிருந்தேன். அவரு மைக்குல தெரியும்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"நேத்து அந்த அண்ணா வூட்ட ஒடச்சாங்களே, அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எங்கப்பா என்னை வெட்டிப் போட்டுடுவாரு. சித்தப்பா அதுக்கு மேல." என் காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள விட்டா எனக்கு யாரும் இல்லக்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. அழுகிற பெண்ணை எழுப்பி, முகம் கழுவ வைத்து அனுப்பினேன். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர் சொன்ன பொய் வேலை செய்திருக்கிறது. படத்தில் வந்த மாதிரியே எடுத்தவள் தானாகவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

இவர் வந்ததும் முடிச்சைக் காட்டினேன். யார் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். சத்தியத்தில் புருஷனைச் சேர்க்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் முடிச்சைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு ரேடியோ ரூமுக்குக் கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மைக்கில் சொன்னார். "பொருள் வந்துடுச்சு. கடைசி வூட்டு அண்ணாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கு நல்லாத் தெரியும். வேற யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

மைதானத்தில் கைதட்டினார்கள். ரேடியோக்காரர் சொன்னபடி வெள்ளிக்கிழமை வரவழைத்துவிட்டார் என்று ஆளுக்கு ஆள் முதுகில் தட்டினார்கள். அந்தாளு யார் கையிலோ கொடுத்தனுப்பியிருக்கான், மானம் போகக் கூடாதுன்னு இவரு மறைக்கிறாரு என்று தம்பி விளக்கம் சொன்னான். டிம்பர்மேன் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே இவர் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் இவர் வெல்ஃபேர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்த அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, ஆபீஸ் தரப்பில் அறிவிப்புப் போடச் சொல்லிக் கேட்டார். அந்த அதிகாரியின் காதில் விழுந்தது ஒன்றுதான். இவர் அனுமதியில்லாமல் மைக்கில் பேசியிருக்கிறார். அன்றைக்கே ஆள் அனுப்பி மைக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரேடியோ மட்டும் மிஞ்சியது.

மத்தியான ரயிலில் கடைசி வீட்டு அண்ணா வந்தார். கதவு சாய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவர் ஒன்று விடாமல் சொன்னார், பெண்ணின் பேரைத் தவிர. நான் அந்த ஒற்றை மெட்டியை நீட்டினேன். "ஒண்ணுதாண்ணா கெடச்சுது."

வாங்கிக்கொண்டார். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியும்?" என்று இவரைக் கேட்டார்.

"தெரியும்ணா."

"அப்போ சொல்லு. கம்பத்தடியில நின்னு சத்தமா சொல்லு. மைக்கு வேணாம், உன் தொண்டையே போதும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

"சொல்ல முடியாதுண்ணா. சொன்னா ஒரு உயிரு போயிடும்."

"என்னுது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே பதில் எதிர்பார்க்கிறவர் மாதிரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்திரெண்டு வருசம் இந்த லைன்ல இருந்துட்டேன். ஒருத்தன் வூட்டுத் தண்ணி கேட்டதில்ல. நீ ரேடியோ தொறக்கறதுக்கு முந்தி வந்து உக்காருவேன். என்னப் போயி இப்படிப் பண்ணிட்டியேப்பா."

நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அவளே சொன்னால்தான் உண்டு என்று நினைத்தேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். அவளைச் சுற்றி நாலு பெண்கள் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அவள் அம்மா ஒரு தட்டில் அதிரசம் வைத்து என் கையில் கொடுத்தாள். உங்க வூட்டுக்காரர்தான் எங்க குடும்பத்தக் காப்பாத்தினாரு என்றாள். அதிரசத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். குழாயடியில் ஒருத்தியிடம், "அந்த அண்ணா எடுக்கல, எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ யாரு?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள்.

அடுத்த வாரம் கல்யாணம் நடந்தது. அதற்கு முந்தின நாள் அந்த அண்ணா லேம்ப் ரூம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தகரப் பெட்டியோடு ரயில் ஏறினார். இவர் ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போனார். பெட்டியைத் தூக்க விடவில்லையாம்.

இவர் ரேடியோ ரூம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வேலையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சொல்லாமலே குடியாத்தம் போனார். விசாரித்து விசாரித்து அந்தத் தங்கச்சி வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி, அண்ணனுக்குப் பார்க்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். எதிரே புளியமரத்தடியில் கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது, "உள்ளே இருமற சத்தம் கேட்டுது" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண்ணோடு நான் திரும்பத் தனியாகப் பேசியது ஆறேழு வருஷம் கழித்து, பங்காருபேட்டையிலிருந்து வரும் ரயிலில். இரண்டு குழந்தைகள். எதிரே உட்கார்ந்து மாமியார், வீடு, தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் சொன்னாள். மாரிகுப்பம் நெருங்கும்போது என் கையைப் பிடித்து, "அக்கா, அந்த அண்ணா எங்க கீறாரு?" என்றாள். எனக்கு அப்போது உண்மையாகவே தெரியாது. தெரியாது என்றேன்.

ஸ்டேஷனில் அவள் அப்பா வந்து நின்றிருந்தார். ரிடையர் ஆகி, தலையெல்லாம் வெளுத்திருந்தது. பேத்தியைத் தூக்கி, அதன் காதில் இருந்த சின்னக் கம்மலைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் நலம் விசாரித்தார். "உங்க வூட்டுக்காரரு புண்ணியத்துல, அந்தாளு போனதுலர்ந்து லைன்ல ஒரு திருட்டு கெடையாதும்மா" என்றார்.

அவள் குனிந்து பெரியவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். துடைத்த மூக்கையே மறுபடியும் துடைத்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.